பதினேழு பேரும் ஆஜர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஊக்கமூட்டும்படி ஏதாவது சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முப்பத்து மூன்று வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவளிடம் ஊக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு எப்படி எழுத்துக் கற்பித்தேன் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் படம் போட்டே கொடுத்திருப்பார்கள். பதினேழு பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் நாற்பத்து மூன்று நாள் எப்படி வெளியே நிறுத்தி வைத்தேன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. தானாகவே வந்தது.

நான் தலைமையாசிரியையாக இருந்தது திருவண்ணாமலையில் வேங்கிக்காலைத் தாண்டி இன்னும் உள்ளே இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். பெயர் சொல்ல மாட்டேன். இதில் வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். மீதிப் பேருக்கு ஓய்வூதியம் வருகிறது. இரண்டையும் கெடுக்க வேண்டாம்.

பள்ளிக்குப் பின்னால் கம்பி வேலியை ஒட்டி மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று, நான்கு பிளாக், கட்டி முடித்து வண்ணமும் அடித்து இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை லாரிகள் வந்தன. ஊரின் மறுகோடியில் ஓர் ஏரிக்கரையில் இரண்டு தலைமுறையாகக் குடியிருந்தவர்களை ஆக்கிரமிப்பு என்று அகற்றி, கட்டில், பீரோ, கிரைண்டர், ஆட்டுக்குட்டி என்று எல்லாவற்றோடும் கொண்டுவந்து இறக்கினார்கள். கிரிவலப் பாதையில் பூ விற்கிறவர்கள், தேங்காய் கற்பூரத் தட்டு விற்கிறவர்கள், ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளில் அறை பெருக்குகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். பிழைப்பு அங்கேயே இருந்தது. வீடு மட்டும் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பெண்கள் என் அறை வாசலில் நின்றார்கள். கூடவே பதினேழு பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால் நின்றவள் கஸ்தூரி. செங்கம் ரோட்டில் பூ விற்பவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள் அபிநயா, எட்டு வயது. அரசுப் பள்ளிச் சீருடை எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் பார்வைக்கு எங்கள் பள்ளிப் பிள்ளை போலவே இருந்தாள். பை மாட்டியிருந்தாள். பென்சில் சீவி வைத்திருந்தாள்.

"டீச்சர், இங்க சேக்கணும். அந்தாண்ட ஸ்கூலுக்குப் போணும்னா ரெண்டு பஸ் மாறணும். சின்னப் புள்ளைங்க, முடியாது," என்றாள் கஸ்தூரி.

"டி.சி. வாங்கிட்டு வந்தீங்களா?"

"கேட்டோம். அப்புறமா வாங்கன்னாங்க."

"ஆதார்?"

ஆதார் அட்டை இருந்தது. அதில் ஏரிக்கரை முகவரி இருந்தது. "இந்த அட்ரஸ்ல இப்ப வீடு இல்லயேம்மா," என்றேன், அவளுக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல.

"தெரியும் டீச்சர். நாங்க பாக்கறப்பதானே இடிச்சாங்க."

"இப்ப இருக்கற வீட்டுக்கு ஏதாவது ப்ரூஃப்?"

"வீட்டுக்கு நம்பரே இன்னும் போடல. அப்புறமா போடுவாங்களாம்."

"அட்ரஸ் இல்லாம நான் எப்படிம்மா ஏத்தறது?"

"இன்னா டீச்சர், அட்ரஸ் இல்லாத எடத்துக்கு லாரி மட்டும் கரெக்டா வந்து எறக்கிட்டுப் போச்சே?"

நியாயமான கேள்வி கேட்கிறவர்கள்மேல் எனக்கு அந்தக் காலத்தில் கோபம் வரும். கோபம் வந்தால் நான் கணினிப் பக்கம் திரும்பிவிடுவேன். அபிநயாவின் மாணவர் எண்ணைப் போட்டுத் தட்டினேன். இந்த மாணவி வேறொரு பள்ளியில் பயின்று வருகிறார் என்று திரையில் வந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"பாருங்க, பேரு இன்னும் அங்கயே இருக்கு. பேரு இங்க வரணும். வந்ததும் நானே சொல்லி அனுப்பறேன்."

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை உண்டு. பெயின்டரை அழைத்து, நானே பக்கத்தில் நின்று, எழுத்துப் பிழை பார்த்து எழுத வைத்த பலகை. நான் பேசிக்கொண்டிருந்தபோது அபிநயா என் தலைக்கு மேலே பார்த்து அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். "மாற்றுச்... சான்றிதழ்... இல்லை... என்ற... காரணத்துக்காக... எந்தக்... குழந்தைக்கும்... சேர்க்கை..."

"சும்மா இருடி, டீச்சர் பேசறாங்க இல்ல," என்று கஸ்தூரி அவள் தோளில் ஒன்று போட்டாள்.

பிள்ளை படிப்பதை நிறுத்திவிட்டது. 'மறுக்கப்படாது' என்ற கடைசிச் சொல் பாக்கி. அதை நான் முடித்து வைக்கவில்லை.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். தெரியாமல் செய்கிறவர்களால் அதிகக் கெடுதல் வராது. யாராவது எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள். எனக்கு எல்லாம் தெரியும். கூடவே, அந்த வருடம் நான் ஒரு விருதுக்கு விண்ணப்பித்திருந்தேன். என் கோப்பில் ஒரு கறை, ஓர் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று இருந்தேன். கணினியில் ஏறாத பிள்ளையைப் பதிவேட்டில் ஏற்றினால் அது அடித்தல் திருத்தல். பிள்ளை வெளியே நின்றால் என் கோப்பு சுத்தமாக இருக்கும்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையின்போது வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் உயர வாரியாக வரிசையில் நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் உறுதிமொழி சொன்னபோது அவர்களும் சொன்னார்கள். பிறகு எங்கள் பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள், அவர்கள் மாடிப்படிக்குப் போனார்கள். இது ஒரு வாரம் நடந்தது. அதன் பிறகு வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது. பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். நிறையச் செய்தேன். முதலில் ஏரிக்கரைப் பள்ளிக்கு நேரில் போனேன். அந்தத் தலைமையாசிரியர் என் வயதுக்காரர், தன்மையானவர். காபி வரவழைத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் வருகைப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பதினேழு பேருக்கும் அன்றைய தேதி வரை வருகை போட்டிருந்தது. அன்று காலை குடியிருப்பின் மாடிப்படியில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அபிநயாவை நான் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

"எல்லாரும் ஆஜர் டீச்சர்," என்றார் அவர், மெதுவாக.

"சார், அவங்க எங்க ஸ்கூல் பின்னாடி இருக்காங்க."

"தெரியும். பதினேழு பேர எடுத்தா எனக்கு ஒரு போஸ்ட் போய்டும். சர்ப்ளஸ்னு கடைசியா வந்தவங்களத்தான் தூக்குவாங்க." ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். வராண்டாவில் ஓர் இளம் ஆசிரியை பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். "கைக்கொழந்த இருக்கு அந்தப் பொண்ணுக்கு. ஏழு மாசம். ஜவ்வாது மலைக்குத் தூக்கி அடிச்சா இன்னா பண்ணும்? கொஞ்ச நாள் பொறுங்க டீச்சர். ரெண்டு மூணு அட்மிஷன் ஜாஸ்தி ஆகட்டும், அனுப்பி வெச்சிடறேன்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரும். எனக்கு வரவில்லை. எட்டு வருடம் முன்னால் என் பள்ளியில் ஒரு பணியிடத்தைக் காப்பாற்ற, கோயம்புத்தூருக்குப் போய்விட்ட நான்கு பிள்ளைகளை நானும் ஒரு பருவம் முழுக்க ஆஜராக வைத்திருந்தேன். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நல்ல காபி.

அடுத்து, கடிதம் எழுதினேன். வட்டார அலுவலகத்துக்கு, உரிய வழியாக, பணிவுடன். வேறு பள்ளியில் பெயர் உள்ள பிள்ளைகளை மாற்றுச் சான்றிதழும் முகவரிச் சான்றும் இன்றிச் சேர்க்கலாமா என்று தெளிவுரை கேட்டேன். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. 'விதிகளின்படி உரிய நடவடிக்கை எடுக்கவும்.' எந்த விதி, எது உரியது, யார் எடுப்பது என்று கேட்டு மறுபடி எழுதினேன். பிள்ளைகளின் விவரங்களை இணைப்பில் கண்ட படிவத்தில் அனுப்பவும் என்று பதில் வந்தது. இணைப்பு இணைக்கப்படவில்லை. இணைப்பைக் கேட்டு எழுதினேன். அது வந்தபோது அதில் ஒரு பத்தியின் தலைப்பு: 'மாணவர் முன்பு பயின்ற பள்ளித் தலைமையாசிரியரின் இசைவு.'

இந்தக் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்த அதே வாரத்தில் எனக்கு இன்னொரு படிவம் வந்தது. என் பள்ளியைச் சேர்ந்த பகுதியில் பள்ளி செல்லாத குழந்தை யாரும் இல்லை என்று சான்றளிக்க வேண்டும். எல்லாப் பள்ளிகளும் சான்றளித்தால் நம் வட்டாரத்துக்குப் பெரிய பெயர் கிடைக்கும். நான் யோசித்தேன். பதினேழு பேரும் கணினிப்படி ஒரு பள்ளியில் பயில்கிறார்கள். தினமும் வருகிறார்கள். ஆகவே பள்ளி செல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோபுர முத்திரையையும் குத்தினேன். முத்திரை நன்றாக விழுந்திருந்தது.

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் வாரத்தில் தலைமையாசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மண்டபத்தில். தலைப்பு, 'பள்ளி செல்லாக் குழந்தைகளை அடையாளம் காணுதல்.' பளபளப்பான ஒரு கையேடு கொடுத்தார்கள். அட்டையில் ஒரு குழந்தையின் படம். உள்ளே, அப்படிப்பட்ட குழந்தையை எந்தெந்த அறிகுறிகளைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று ஒரு பட்டியல். பள்ளி நேரத்தில் பொது இடத்தில் காணப்படுவது முதல் அறிகுறி. அதை நாங்கள் அடிக்கோடிட்டோம்.

தேநீர் இடைவேளையில் வெளியே வந்தோம். எதிரே வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு காபிக் கடை. அதன் வாசலில் மல்லிகைச் சரம் வைத்த கூடையோடு அபிநயா நின்றுகொண்டிருந்தாள். கஸ்தூரி கொஞ்சம் தள்ளி மரத்தடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். கையேட்டை வைத்து விசிறிக்கொண்டே நாற்பது தலைமையாசிரியர்கள் அந்தப் பிள்ளையைக் கடந்து டீக்கடைக்குப் போனோம். இரண்டு மூன்று பேர் பூவும் வாங்கினார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். அவள் பார்த்துவிட்டாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "குட் மார்னிங் டீச்சர்," என்றாள், வகுப்பில் சொல்வதுபோல இழுத்து. பிறகு கிட்டே வந்து கேட்டாள்.

"டீச்சர், எம்பேரு வந்துடுச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீங்கதான சொன்னீங்க, பேரு அங்கயே இருக்கு, இங்க வரணும்னு. எங்க பீரோ, கட்டிலு, ஆட்டுக்குட்டி எல்லாம் லாரில ஏத்துனாங்க டீச்சர். பேர மட்டும் உட்டுட்டாங்க. நானும் அம்மாவும் போயி பாத்தோம். அங்க ஒண்ணுமே இல்ல. பூரா தண்ணி உட்டுட்டாங்க. பேரு நனஞ்சிருக்குமா?"

மரத்தடியிலிருந்து கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன்.

அன்று பயிற்சியின் பிற்பகுதிக்கு நான் போகவில்லை. நேராக வட்டார அலுவலகத்துக்குப் போனேன். என் மூன்றாவது கடிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தபால் பிரிவில் நின்றேன். அந்தப் பிரிவில் இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இருபது வயது சின்னவர். பதவி உயர்வு என்ற சொல்லையே மறந்துபோனவர். என் கடிதத்தை எடுத்தார், முழுக்கப் படித்தார், சிரித்தார்.

"டீச்சர், ஒங்க தப்பு இன்னான்னா, கேள்வி கேட்டு எழுதறீங்க. கேள்வி கேட்டா யாராவது பதில் சொல்லணும். பதில் சொன்னா கீழ கையெழுத்துப் போடணும். கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஆடிட்ல அவர்தான் நிக்கணும். யாரு போடுவா?"

"பின்ன என்னங்க பண்ணட்டும்?"

"சேத்துடுங்க. சேத்துட்டு, 'சேத்துட்டேன், தகவலுக்காக'ன்னு எழுதுங்க. தகவல ஃபைல்ல போட்டு வெக்க யாருக்கும் பயம் கெடயாது. நானே சீல் குத்தி நம்பர் போட்டுத் தரேன்."

முப்பது வருடப் பணியில் நான் போன பயிற்சிகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாகாது. உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அனுமதி கேட்டு நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும், வேண்டாம் என்று சொல்ல இன்னொருவருக்கு நீங்களே கொடுக்கும் வாய்ப்பு. சட்டம் உங்கள் பக்கம் இருக்கும்போது அந்த வாய்ப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலை சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன். இரண்டு வருடமாக என் ஜன்னல் வழியாகப் பார்த்த கட்டடம். படி ஏறியது அன்றுதான் முதல் தடவை. முதல் பிளாக்கின் மாடிப்படியிலேயே உட்கார்ந்தேன். முகவரிப் பத்தியில் 'பள்ளியின் பின்புறம்' என்று எழுதினேன். அதைவிடச் சரியான முகவரி இன்றுவரை அந்தக் கட்டடத்துக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பெயராக எழுதினேன். அபிநயா தன் பெயரை நான் எழுதி முடிக்கும் வரை பதிவேட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதினான்கு ஆயிற்று. "இன்னும் மூணு பேர்?" என்றேன்.

கஸ்தூரி இரண்டாம் மாடியில் பூட்டியிருந்த ஒரு கதவைக் காட்டினாள். "அக்கா தங்கச்சி மூணு பேர். அவங்க அப்பாவுக்கு சென்ட்ரிங் வேல. இங்க இருந்து ரொம்ப தூரமாப் போய்டுச்சுன்னு வேலக்குக் கூப்புடறதில்ல. புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருந்தாலாவது இருக்கலாம்னு சொல்லினு இருந்தாரு. பெங்களூர் பக்கம் எங்கயோ கட்டடத்துக்கு ஆள் கேட்டாங்கன்னு குடும்பத்தோட போய்ட்டாங்க."

"எப்ப?"

"முந்தாநேத்து டீச்சர்."

பூட்டிய கதவின் முன்னால் ஒரு ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது. வார் அறுந்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் என் பள்ளியின் மொட்டை மாடி, கொடிக் கம்பம், சமையல் கூடம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அவர்கள் நாற்பத்து ஒரு நாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் விசாரித்தேன். பெங்களூருக்கு ஆள் கேட்ட மேஸ்திரியின் எண் யாரிடமோ கிடைத்தது. தான் அனுப்பியது வேறு ஆட்களை, இந்தக் குடும்பத்தை அல்ல என்றார். அதோடு முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விழா. பள்ளி செல்லாக் குழந்தைகள் இல்லாத வட்டாரம் என்று அறிவிக்கும் விழா. சுற்றுச்சுவருக்குப் புதிதாக வண்ணம் அடித்த பள்ளி எங்களுடையது என்பதால் எங்கள் மைதானத்திலேயே பந்தல். பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். வட்டாரத்தின் தலைமையாசிரியர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

காலையில் என் உதவி ஆசிரியை தயங்கித் தயங்கி வந்தாள். "டீச்சர், ஆன்லைன்ல அம்பத்தெட்டுதான் இருக்கு. இந்தப் பதினாலு பேருக்கு மட்டும் இன்னிக்கு ஒரு நாள் லீவு விட்டுடலாமா? திங்கக்கெழமைலேர்ந்து வரட்டுமே." அவள் கெட்டவள் இல்லை. நாற்பத்து மூன்று நாளாக என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். நானும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. பிறகு வாசல் பலகைக்குப் போய், பதிவு 72, வருகை 72 என்று சாக்பீஸால் பெரிதாக எழுதினேன்.

அதிகாரி வந்தார். மாலை, வரவேற்பு, நடனம் எல்லாம் ஆயிற்று. அவருடன் வந்த உதவியாளர் கையில் ஒரு டேப்லெட் கணினி. வாசல் பலகையை ஒரு தடவை பார்த்தார், டேப்லெட்டை ஒரு தடவை பார்த்தார். குனிந்து சொன்னது ஒலிபெருக்கியில் விழுந்துவிட்டது. "சார், ஆன்லைன்ல அம்பத்தெட்டு. போர்டுல எழுவத்திரண்டு போட்டிருக்காங்க."

அதிகாரி சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். "எதும்மா கரெக்ட்?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். ஏனென்றால் உங்களில் ஒவ்வொருவருக்கும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். 'சர்வர் கோளாறு சார்' என்று நான் சொல்லியிருக்கலாம். நம் துறையில் எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் பதில் அது ஒன்றுதான். சொல்லியிருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. பதினான்கு பேரும் மறுவாரம் சத்தமில்லாமல் ஏறியிருப்பார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஏரிக்கரைத் தலைமையாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த அக்கா தங்கைகள் மூன்று பேரும் அவர் பதிவேட்டில் தினமும் ஆஜராகிக்கொண்டே, ஒவ்வொரு வகுப்பாகத் தேறி, ஐந்தாம் வகுப்பும் முடித்திருப்பார்கள். அவர்களைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

"போர்டுதான் சார் கரெக்ட்," என்றேன். "பதினாலு பிள்ளைங்கள இந்த வாரம்தான் சேத்தேன். அதுக்கு முன்னாடி நாப்பது நாளுக்கு மேல நானேதான் வெளியில நிறுத்தி வெச்சிருந்தேன். இன்னும் மூணு பேர் எங்க இருக்காங்கன்னே தெரியல. ஆனா ஏரிக்கரை ஸ்கூல் பதிவேட்டுல இன்னிக்கும் பதினேழு பேரும் ஆஜர். நம்ம வட்டாரத்துல பூஜ்யம்னு கையெழுத்துப் போட்டதுல நானும் ஒருத்தி."

அதிகாரி தலைக்கு மேலே பார்த்தார். அங்கே பேனர். எதிரே பார்த்தார். அங்கே பத்திரிகைப் புகைப்படக்காரர்கள். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆக, இந்தப் பதினாலு பேரும் ரெண்டு ஸ்கூல்ல படிக்கறாங்க," என்றார் ஒலிபெருக்கியில். "ஒரு ஸ்கூலுக்குப் போகாத பிள்ளைங்க இருக்கற நாட்டுல, ரெண்டு ஸ்கூல்ல பேர் இருக்கற பிள்ளைங்க நம்ம வட்டாரத்துல இருக்காங்க!"

கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கம். சான்றிதழ் வழங்கப்பட்டது. குழுப் படத்தில் நான் இரண்டாவது வரிசையில் இருக்கிறேன்.

ஆனால் அவர் விவரம் தெரியாதவர் இல்லை. படம் எடுத்து முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார். குரலில் சிரிப்பு இல்லை. "மேடைல வெச்சா சொல்வீங்க?" என்றார். "கேட்டு எழுதின மூணு லெட்டர் ஆபீஸ்ல இருக்கு சார்," என்றேன். நாற்பத்து மூன்று நாள் வராத பதினான்கு பெயர்கள் அன்று மாலை நான்கு மணிக்குள் கணினியில் வந்து சேர்ந்தன. யாரோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வேலை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. உரிய ஆவணங்கள் இன்றிச் சேர்த்தது ஏன் என்று விளக்கம் கேட்டு. என் சுவரில் இருந்த பலகையின் வாசகத்தை அப்படியே எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. விருது வேறொருவருக்குப் போயிற்று.

இதை இங்கே முடித்தால் உங்களுக்கு ஊக்கமாக இருக்கும். முடிக்க முடியாது. ஏரிக்கரைப் பள்ளியில் ஒரு பணியிடம் உபரியானது. அந்த இளம் ஆசிரியைக்கு ஜவ்வாது மலைக்கு ஆணை வந்தது. செப்டம்பரில் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். தோளில் குழந்தை, காலடியில் இரண்டு பை. நானாகப் போய்ப் பேசினேன்.

"ஒங்கமேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் டீச்சர்," என்றாள்.

"சொல்ல வேணாம்மா."

"நீங்க செஞ்சது சரின்னு தெரியுது. ஆனா மலைக்கு நான்தான போறேன், நீங்க இல்லயே."

பஸ் வரும் வரை குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டேன். சரியான காரியத்தைச் செய்யும்போது அதற்கான கஷ்டம் பெரும்பாலும் வேறு யாருக்கோ போய்ச் சேர்கிறது. செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. செய்துவிட்டு, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று போய்ப் பாருங்கள். மறுவருடம் எங்கள் பள்ளிக்கு ஒரு பணியிடம் கூடியது. அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு எழுதினேன். வேறொருவரைப் போட்டார்கள்.

பதினான்கு பேரும் தங்கினார்கள். அபிநயா இப்போது ஆறாம் வகுப்பு. எழுத்தில் ஒற்று மிகும் இடம் மட்டும் இன்னும் தகராறு.

விழாவுக்கு மறுவருடம் அதே படிவம் வந்தது. பகுதியில் பள்ளி செல்லாக் குழந்தைகள் எத்தனை? நான் மூன்று என்று எழுதி அனுப்பினேன். படிவம் திரும்பி வந்தது. இந்த வட்டாரம் ஏற்கெனவே பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டதால் திருத்தி அனுப்பவும் என்று மேலே பென்சிலில் குறிப்பு. திருத்தாமல் அனுப்பினேன். மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினேன். சென்ற வருடம் நான் ஓய்வுபெற்ற அன்று அது ஐந்தாவது தடவையாகத் திரும்பி வந்து என் மேசையில் இருந்தது. எனக்கு அடுத்து வந்தவர் அதில் என்ன எழுதினார் என்று தெரியாது. கேட்கவில்லை. என்னால் அதைக் கேட்டுத் தாங்க முடியாது.

உங்களுக்கு எந்தெந்த ஊரில் பணி கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஓசூர்ப் பக்கம் சிலருக்குக் கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். மூத்தவள் ரஞ்சிதா, நடுவள் சந்தியா, இளையவள் யாமினி. அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. கையில் பேப்பர் எதுவும் இருக்காது. ரஞ்சிதாவும் சந்தியாவும் உங்கள் பள்ளிகளில் உட்காரும் வயதைத் தாண்டிவிட்டார்கள். யாமினி இந்த வருடம் நான்காம் வகுப்பில் இருக்க வேண்டியவள்.